நாகரிக அரசும் அண்டை நாடும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2023 மார்ச் இறுதியில் வெளியான ரஷ்யாவின் வெளியுறவுக் கொள்கை ஆவணம், அந்நாட்டைத் தனித்தன்மை வாய்ந்த 'நாகரிக அரசு' என்று அழைக்கிறது. அதே மாத நடுவில்தான் சீன அதிபர் ஷி ஜின்பிங் உலக நாகரிக முன்முயற்சியை அறிவித்திருந்தார். ஒரு நாடு தன்னை ஒரு நாகரிகத்தின் வடிவமாகவே கருதத் தொடங்கும்போது அதன் வெளியுறவில் என்ன மாறுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நட்பு நாடுகளைத் தேர்வதில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை என்றே சொல்வேன். ஈரானும் அசர்பைஜானும் ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். ஆயினும், துருக்கியும் அசர்பைஜானும் எல்லைகளை அடைத்தபோது, கிறிஸ்தவ நாடான ஆர்மீனியாவுக்கு ஜார்ஜியாவை விட்டால் திறந்திருந்த தரைவழி ஈரான் மட்டுமே. அராஸ் ஆற்றின் வடகரையில் ஆர்மீனியாவின் அகராக், தென்கரையில் ஈரானின் நோர்தூஸ். இடையிலுள்ள பாலத்தின் வழியே சரக்கு லாரிகள் இன்றும் போய்வருகின்றன. 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் வாக்களித்த 141 நாடுகளில் செர்பியா, கிரீஸ், பல்கேரியா, ருமேனியா ஆகிய, ரஷ்யாவைப் போலவே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்தைப் பின்பற்றும் நாடுகளும் இருந்தன.

அப்படியானால் இது வெறும் மேடை முழக்கமா? இல்லை. அண்டை நாட்டைப் பார்க்கும் பார்வையில்தான் இது உண்மையாகவே வேலை செய்கிறது. ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் எழுதினார். நிலத்துக்கான தகராறு என்றால் அளந்து பேசி முடிக்கலாம்; 'நீயும் நானும் ஒன்றே' என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், மற்றவர் 'இல்லை' என்று சொல்வதே துரோகமாகிவிடுகிறது. என்னை மிகவும் அஞ்சவைப்பது இதுதான்.

எதிரே நிற்பவரின் வாயை நாகரிகத்தின் பெயரால் அடைக்கும் வழக்கம் புதிதன்று. 1885 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில், தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்துவது உயர்ந்த இனங்களின் கடமை என்று சொல்லி முன்னாள் பிரதமர் ஜூல் ஃபெர்ரி குடியேற்ற ஆட்சியை நியாயப்படுத்தினார். சில நாள்களுக்குள் அவரை மறுத்து அதே அவையில் எழுந்தார் உறுப்பினர் கிளெமான்சோ. ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர் தாழ்ந்த இனத்தவர் என்பதே என்று ஜெர்மானிய அறிஞர்கள் நிறுவக் கேட்டதிலிருந்து, எந்த மனிதரையும் எந்த நாகரிகத்தையும் தாழ்ந்தது என்று சொல்லுமுன் தாம் தயங்குவதாக அவர் அந்த அவைக்குச் சொன்னார்.