மற்றத் தாய்மாரின் கதை கேட்டால் பயமாக இருக்கிறது, குழுவை விட்டு விலகவா? – நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் வாசித்துவிடுகிறேன்.

"அக்கா, எனக்கு 34 வாரம். தலைப்பிள்ளை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகிய நாலு பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். முதலில் நல்ல சந்தோஷமாக இருந்தது. இப்போது ஒரு ஆள் தன் மச்சாளின் பிள்ளைக்குக் கொடி சுற்றின கதையைப் போடுகிறா. இன்னொரு ஆள் தண்ணி வற்றி அந்தரத்தில் சீசர் செய்த கதை போடுகிறா. இரவில் நித்திரை இல்லை. மாமி 'உந்தப் போனைத் தூக்கி வை, வயித்தில பிள்ளையோட கண்டதையும் கேட்கக் கூடாது' என்கிறா. குழுவை விட்டு விலகவா? இவர் கட்டாரில். அம்மா அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டா. விலகினால் எனக்குக் கதைக்க ஆளில்லை."

கடைசி வசனம்தான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதனால் முதலே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, விலக வேண்டாம். ஆனால் மாமி சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் கவலைப்படுவதற்கு "யோசிக்கிறது" என்றுதான் பெயர். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைப் பார்த்தால் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், "ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை." நானும் குடும்பநல உத்தியோகத்தராக, அதுதான் மிட்வைஃபாக, வேலைக்கு வந்த புதிதில் வீடு வீடாகப் போய் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னதும் அந்தப் பிள்ளைகளின் முகம் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது எனக்கு வேலையில் விளங்கவில்லை, என் சொந்த வயிற்றோடுதான் விளங்கியது.

1995 ஒக்டோபர் 30 இரவு. சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுக்கக் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவை இதைப் பார்க்கிற பலர் நடந்திருப்பீர்கள், அல்லது தாய் தகப்பன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் மட்டும் ஆளோடு ஆள் ஒட்டியபடி ஊர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு எட்டு மாதம். இந்த வேலைக்கே படித்தவள் என்பதால் என்னென்ன பிழைக்கும் என்று வரிசையாகத் தெரியும். படிப்பு அன்றைக்குப் பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

விடியப் போகிற நேரம் கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கினோம். பக்கத்தில் இன்னொரு வயிற்றுப்பிள்ளைக்காரி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு இருந்தார். முன்பின் தெரியாது. என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளை துடிக்குதோ?"

"நடந்ததில தெரியேல்லை" என்றேன்.

"எனக்கும் தெரியேல்லை" என்றார்.

ஒரு சாக்கை விரித்து இரண்டு பேரும் சரிந்து படுத்தோம். அவர் என் வயிற்றில் கையை வைத்தார், நான் அவருடைய வயிற்றில் வைத்தேன். ஒரு கதையும் இல்லை. கொஞ்ச நேரத்தால் அவருடைய பிள்ளை என் உள்ளங்கையில் ஒரு உதை தந்தது. "இவர் முழிப்புத்தான்" என்றேன். பிறகு அவர் சொன்னார், "உங்கட ஆளும் எழும்பிட்டார்." பேர்கூடக் கேட்காமல் விடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனோம். அவர் எனக்கு ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. "யோசிக்காதேங்கோ" என்றும் சொல்லவில்லை. தனக்கும் அதே பயம் என்று ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, உங்கள் குழுவுக்கு வருவோம். அங்கே இரண்டு விதமான பேச்சு கலந்து கிடக்கிறது. ஒன்று, "எனக்கு இன்றைக்குப் பயமாக இருக்கிறது" என்பது. மற்றது, "எங்கள் மச்சாளுக்கு இப்படி நடந்தது" என்பது. முதலாவது அந்த நாலு பேரில் ஒருவருடைய பயம். இரண்டாவது அங்கே இல்லாத ஒரு ஆளின் கதை. அது மூன்று வாய் மாறி வந்தது, அந்த ஆளுக்கு எத்தனை வாரம், பிரெஷர் இருந்ததா, சீனி இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் நித்திரையைக் கெடுப்பது இரண்டாவதுதான். மாமி சொன்ன சரியான பாதியும் அதுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கொடி சுற்றின கதையைப் போடுகிற அந்தத் தங்கச்சியும் பயத்தில்தான் போடுகிறா. "எனக்குப் பயம்" என்று எழுத வெட்கம், அதனால் மச்சாளை இழுத்துக்கொண்டு வருகிறா. அடுத்த முறை அப்படி ஒரு கதை வந்தால், "உங்களுக்கும் அந்த யோசனையா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அப்படியே வேறு பக்கம் திரும்பும்.

கொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கு இரவும் நித்திரை போய்விடும். கழுத்தில் கொடி சுற்றியபடி பிறப்பது அபூர்வமே இல்லை. நாலைந்து பிள்ளையில் ஒன்று அப்படித்தான் வருகிறது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவோம். எத்தனையோ தாய்மாருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. சொல்லாத கதைகள் எவ்வளவு என்று இதிலிருந்தே பாருங்கள். ஒரு கரைச்சலும் இல்லாமல் பெற்ற ஆள் குழுவில் வந்து என்னத்தை எழுதுவது?

அப்புறம் இந்த ஸ்கான் நிறை. "உன்ர எத்தினை கிலோ, என்ர எத்தினை கிலோ" என்று ஒப்பிடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கடைசி மாதங்களில் ஸ்கான் சொல்கிற நிறை ஒரு மதிப்பீடு. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வீதம் கூடவும் குறையவும் செய்யும். இரண்டரைக் கிலோ என்று எழுதியிருந்தால், பிறக்கும்போது 2.2 ஆகவும் இருக்கலாம், 2.8 ஆகவும் இருக்கலாம். திகதியும் அப்படித்தான். குறித்த அன்றைக்கே பிறக்கிற பிள்ளைகள் நூற்றில் நாலைந்துதான். நாலு பேரில் முதலில் திகதி வந்தவர் கடைசியில் பெறுவார், பாருங்கள்.

இப்போது நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டிய இடம். பயத்தைக் குழுவிடம் சொல்லலாம். உடம்பில் தெரிகிற அறிகுறியைக் குழுவிடம் கேட்கக் கூடாது. "காலையில இருந்து துடிப்புக் குறைவா இருக்கு, உங்களுக்கும் அப்படியோ?" என்று ஒருவர் எழுத, "கடைசி மாதம் இடம் காணாது, அப்பிடித்தான் இருக்கும், பயப்படாதை" என்று மற்றவர் அன்போடு பதில் எழுதுவார். அந்த அன்பான பதில்தான் ஆபத்து. இடம் குறைவதால் துடிப்பின் விதம் மாறலாம். உதை குறைந்து நெளிவது, உருள்வது போல இருக்கலாம். எண்ணிக்கை குறையக் கூடாது.

கிளினிக்கில் எண்ணச் சொல்லித் தந்திருப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, பத்தாவது துடிப்பு வந்த நேரத்தைக் குறியுங்கள். 12 மணித்தியாலத்துக்குள் பத்து வர வேண்டும். ஆனால் 12 மணித்தியாலமும் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு அல்ல அந்தக் கணக்கு. தினமும் பதினொரு மணிக்குள் பத்தை முடிக்கிற பிள்ளை, இன்றைக்கு இரண்டு மணியாகியும் நாலைந்தில் நிற்கிறது என்றால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு விட்டால் அது வீண் அலைச்சல் இல்லை. மற்றவையும் தெரிந்ததுதான்: இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைவது, விடாத தலையிடி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் நோவது, உள்ளங்கை உள்ளங்காலில் தாங்க முடியாத கடி, அதாவது அரிப்பு. வாகனம் இல்லையென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. போகும்போது கர்ப்பவதி அட்டையை மறக்காதீர்கள். குழுவில் ஒரு வரி போடுவதென்றால், "நான் வாட்டுக்குப் போறன்" என்று வழியில் இருந்து போடுங்கள்.

இதே குழுவால் ஒரு நல்ல வேலை செய்யலாம். நாலு பேரும் தினமும் இரவு பத்தாவது துடிப்பு வந்த நேரத்தை மட்டும் போடுங்கள். வேறு கதை வேண்டாம். ஒருவர் போடவில்லை என்றால் மற்றவர் ஒரு கோல் எடுங்கள். கைதடி விறாந்தையில் நாங்கள் செய்ததும் அதுதானே.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை, ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் இது நடக்கலாம் என்பதால் சொல்கிறேன். நான் வேலை செய்த பகுதியில் இப்படித்தான் நாலு பேர் நல்ல ஒட்டு. ஒரே வாங்கில் இருப்பார்கள், ஒரு ஆள் கொண்டுவருகிற புழுக்கொடியலை நாலாய் முறித்துத் தின்பார்கள், கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாப் பைக்கட்டை ஒருவர் மற்றவருக்காக எடுத்து வைப்பார். அதில் ஒருவரின் பிள்ளை தங்கவில்லை. மற்ற மூன்று பேருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அவரை நோகடிக்கக் கூடாது என்று நினைத்து, அவர் இல்லாமல் புதிதாக ஒரு குழு தொடங்கினார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் வீட்டுக்குப் போனபோது அந்தப் பிள்ளை பழைய குழுவைத் திறந்து காட்டினார். மூன்று கிழமையாக ஒரு வரியும் இல்லை. "மிஸ், எனக்குப் பிள்ளையும் போச்சு, இதுகளும் போச்சுதுகள்" என்றார்.

நான் போய் மற்ற மூவரிடமும் பேசினேன். ஒருவர் மட்டும் வந்தார். வயிற்றோடு வருவதா என்று வாசல் வரை தயங்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் குசினியில் அவரின் தாயோடு இருந்தேன். ஆனால் போகும்போது அந்தப் பிள்ளைதான் எழும்பி வந்து, "படி வழுக்கும், பார்த்து இறங்குங்கோ" என்று இவரின் கையைப் பிடித்துவிட்டார். அப்படி ஒன்று நடந்தால் ஒதுங்காதீர்கள். பிள்ளைப் படம் போடலாமா, குழுவில் இருக்க விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

மாமி விஷயம். மாமி போனைப் பறிக்கப் பார்க்கிறா என்று கோபம் வேண்டாம். ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, "மாமி, இவர் பிறக்கேக்க உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டிருக்கிறீர்களா? கணக்குப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில்தான் பிறந்திருப்பார். கரண்ட் இல்லாமல், ஊரடங்குக்குள் பெற்றிருக்கலாம். அந்தக் கதையை மாமியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது மச்சாள் கதை மாதிரி இல்லை. முடிவு தெரிந்த கதை, அந்தப் பிள்ளை இப்போது கட்டாரில் இருந்து உங்களுக்கு வீடியோ கோல் எடுக்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. குத்து எடுக்கிற நேரம் பக்கத்தில் துணைக்கு யார் நிற்பது? 2018 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே, தாய் விரும்புகிற ஒருவர் பிரசவம் முழுக்கக் கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படி ஆள் இருந்தால் பிரசவ நேரமும் குறைகிறது, சீசரும் குறைகிறது. எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண் துணையை விடுவது இடத்துக்கு இடம் மாறும், கிளினிக்கில் இப்போதே கேட்டு வையுங்கள். அம்மா கனடாவில் என்றால் அந்த ஆள் மாமியாக இருக்கலாம். அதற்கு முதல் இரண்டு பேரும் மனம் விட்டு ஒருக்கால் கதைத்திருக்க வேண்டாமா?

நித்திரையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 34 வாரத்தில் சலம் போக நாலு தரம் எழும்புவது, புரண்டு படுக்க முடியாமல் முழிப்பது சாதாரணம். சரிந்து படுங்கள், முழிக்கும்போது நிமிர்ந்து கிடந்தால் பயப்படாமல் திரும்பிப் படுங்கள். ஆனால் பிள்ளை அமைதியாக இருக்கிற நேரமும் நித்திரை வரவில்லை, சாப்பாட்டில் மனமில்லை, காரணம் தெரியாமல் அழுகை, பிள்ளைச் சட்டை எடுத்து மடிக்கவும் விருப்பமில்லை, இது இரண்டு கிழமைக்கு மேல் போகிறது என்றால் அது வெறும் யோசனை இல்லை. எங்களைப் போன்ற நாடுகளில் நூறு கர்ப்பிணிகளில் 15 பேருக்கு மேல் மனச் சோர்வு போன்ற ஒரு மனநலப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அவருக்கு எங்கே அனுப்புவது என்று தெரியும். உயிரை வெறுக்கிற மாதிரி எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மனநல உதவி இலக்கமான 1926 க்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

தங்கச்சி, நீங்கள் குழுவில் நாலு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கொடிக் கதை, ஒருவர் சீசர் கதை, மற்றது நீங்கள். நாலாவது ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் குழுவில் ஒன்றும் எழுதுவதில்லையா? இன்றைக்கே தனியாக ஒரு கோல் எடுத்து, பிள்ளை துடிக்குதோ என்று கேளுங்கள்.

சரி, அடுத்த கேள்வி கொடிகாமத்திலிருந்து. பிள்ளை பிறந்து பதினாறு நாள், பால் காணாது என்று எல்லாரும் சொல்கிறார்களாம்...