அழுத பிள்ளையும் கேள்வி நேரமும்

(ஆந்திராவின் சத்தியவேட்டில் நடந்த எல்லைத் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சர்பஞ்ச் அம்மா அவர்களே, ஜில்லா பரிஷத்தின் முன்னாள் உறுப்பினர் அவர்களே, நகரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊத்துக்கோட்டையிலிருந்து எல்லை தாண்டி வந்திருக்கும் நண்பர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மண்டபம் கொடுத்த ரைஸ்மில் நாயுடுகாருவைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் நம் சங்கத்தில் ஒரு கூட்டம் என்றால் போதும், "நாற்காலி எத்தனை, சாப்பாடு எத்தனை பேருக்கு?" என்று அவர்தான் முதலில் போன் செய்வார். வாடகை கேட்டால் கோபித்துக்கொள்வார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழும் வேண்டும் என்று இன்றைக்கு நான் பேசப்போகும் கோரிக்கை தெலுங்கு மக்களுக்கு எதிரானது என்று யாராவது நினைத்தால், அவர்கள் நாயுடுகாரு பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்கட்டும். ஐயா, சால்வை போடும்போது நீங்கள் எழுந்து ஓடக்கூடாது, சொல்லிவிட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நாடாளுமன்றத்தில் ஒரு நாள்'. மூன்று விஷயங்கள் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று, கேள்வி நேரம். இரண்டு, வாக்கெடுப்பு. மூன்று, நிலைக்குழுக்கள். இதற்கு முன்னால் என் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். பின்வரிசையில் ஒரு தம்பி இப்போதே முணுமுணுக்கிறார் பாருங்கள். ஆமாம் தம்பி, அதேதான்: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

சரி, காலை 11 மணி. மணி அடித்து மக்களவை கூடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அன்றைக்கென்று 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லவேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் உறுப்பினர் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை உண்டு. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எந்தக் கேள்விக்கு நட்சத்திரம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். அவையில் கூச்சல் எழுந்து ஒத்திவைத்துவிட்டால் வாய்மொழிப் பதில் போச்சு. ஆனாலும் எழுத்துப் பதிலை அவையில் வைத்தே தீரவேண்டும். அது அச்சாகிறது, இணையத்தில் ஏறுகிறது, பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிறது. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

12 மணிக்கு ஜீரோ நேரம். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை, பழக்கத்தில் வந்தது. டிவியில் நாம் பார்க்கும் சத்தமெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்துச் சத்தம்தான். அப்புறம் மசோதாக்கள், விவாதங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கு. அமைச்சராக இல்லாத உறுப்பினரும் சட்டம் கொண்டுவரலாம் என்பதற்கான நேரம் அது. இதுவரை அப்படிச் சட்டமானவை 14தான். 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. நம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. முப்பத்தாறு ஆண்டுகளில் மாநிலங்களவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா. மக்களவையில் அது கரையேறவில்லை. ஆனாலும் அதன்பிறகு அந்தப் பேச்சை யாராலும் தள்ளிவைக்க முடியவில்லை. அழுத பிள்ளை!

இப்போது வாக்கெடுப்பு. அவைத்தலைவர் தீர்மானத்தை முன்வைப்பார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். காதில் விழுந்ததை வைத்து, 'ஆம்' என்போர் வென்றார்கள் என்று தலைவர் அறிவிப்பார். இது குரல் வாக்கு. யாராவது எழுந்து ஒப்பமாட்டேன் என்றால் எண்ணவேண்டும். மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். காண்டீனில் டீ குடிப்பவர், நூலகத்தில் படிப்பவர், தாழ்வாரத்தில் போன் பேசுபவர் எல்லோரும் ஓடிவரவேண்டும். மணி நின்றதும் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பச்சைப் பொத்தான் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. யார் எதை அழுத்தினார் என்று பெயரோடு பதிவாகும்.

இந்த இடத்தில் 1999 ஏப்ரல் 17ஐச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். சனிக்கிழமை. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் நம்பிக்கை வாக்கு கோருகிறார். அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் டிவி உண்டு. நம் ஊரே அங்கே. இரண்டு பெரியவர்கள் பந்தயம் கட்டினார்கள். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு நிற்கும் என்று ஒருவர், விழும் என்று இன்னொருவர். பந்தயம் ஓர் ஆட்டுக்கிடா. சாதாரணக் கிடா இல்லை, ஜாத்திரைக்கென்று வளர்த்த கிடா.

தில்லியில் என்ன நடக்கிறது? கிரிதர் கமாங் என்று ஒருவர். இரண்டு மாதம் முன்புதான் ஒடிசா முதலமைச்சர் ஆகியிருக்கிறார், ஆனால் எம்.பி. பதவியை விடவில்லை. அவர் ஓட்டுப் போடலாமா கூடாதா என்று ஒரே கலவரம். அவைத்தலைவர் பாலயோகி, நம் ஆந்திராவின் அமலாபுரத்துக்காரர், அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். மாயாவதியின் கட்சி ஓட்டுப் போடாது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்; கடைசி நேரத்தில் எதிர்த்துப் போட்டது. காஷ்மீரத்து சைபுதீன் சோஸ் சொந்தக் கட்சியின் கட்டளையை மீறி எதிர்த்துப் போட்டார். தி.மு.க. ஆதரவு, அ.தி.மு.க. எதிர்ப்பு. டீக்கடையில் அதுவேறு தனிச் சண்டை, விடுங்கள்.

ஆதரவு 269, எதிர்ப்பு 270!

கடையில் ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. டீ போடுகிறவர்தான் முதலில், "ஒண்ணா? ஒரே ஒண்ணா?" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். கமாங் வராமல் இருந்தால் 269க்கு 269. சமம் என்றால் பாலயோகி தம் ஓட்டைப் போட்டிருக்கவேண்டும். சோஸ் கட்சி சொன்னபடி போட்டிருந்தால் 270க்கு 269, அரசு பிழைத்திருக்கும். நூறு கோடிக்குப் பக்கத்தில் மக்கள் இருந்த நாட்டில் ஒரு மனிதரின் ஒரு விரல்!

கிடா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். தோற்ற பெரியவர் எழுந்து நின்றார். "539 ஓட்டில் ஓர் ஓட்டில்தான் தோற்றேன். ஓர் ஓட்டுக்கு முழுக் கிடாவா? நியாயமாப் பார்த்தா ஒரு குளம்புதான் வரும், வாங்கிட்டுப் போ" என்றார். ஜெயித்தவர், "அப்போ வாஜ்பாயும் நாற்காலியில் ஒரு கால் மட்டும் எடுத்தாப் போதுமா?" என்று கேட்டார். பஞ்சாயத்து ராத்திரி வரை போயிற்று. கடைசியில் கிடாவை வெட்டி இரண்டு வீடும் சேர்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது, அதனால் தீர்ப்பு சரியானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அது எண்ணிய ஓட்டு. எண்ணாத ஓட்டையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 2014 பிப்ரவரி 18. ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதா. ஐந்து நாள் முன்புதான் அவைக்குள் மிளகு ஸ்பிரே அடித்த அமர்க்களம். அன்று பிற்பகல் மசோதா எடுக்கப்பட்டபோது நேரடி ஒளிபரப்பு நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். திரை வந்தபோது கதை முடிந்திருந்தது. குரல் வாக்கில் நிறைவேறிவிட்டது. தெலங்கானா வேண்டும் என்று அறுபது ஆண்டாகப் போராடியவர்களின் நியாயம் வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் மசோதாவுக்கு யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார் என்று பெயர்ப் பட்டியல் இல்லை. தலைமையாசிரியர் ஐயா தலையாட்டுகிறார். அவருக்கு அன்றைய கோபம் இன்னும் தீரவில்லை.

இப்படிச் செய்ய எப்படி முடிந்தது? அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தைப் பிரிக்கவும் எல்லையை மாற்றவும் சாதாரணப் பெரும்பான்மை போதும். நம் ஊர் கைமாறியதும் இதே வழியில்தான். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் கொடுத்த தீர்ப்பை ஒட்டி 1959இல் நாடாளுமன்றம் ஆந்திரா–சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த நம் சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. திருத்தணிக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் அழுதார்கள், பால் கிடைத்தது. அப்போது மக்களவையின் தலைவர் யார் தெரியுமா? திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். மாநிலங்களவையின் தலைவர்? திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். எல்லையின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் இரண்டு அவைகளுக்கும் தலைமை! ஆனால் பாலயோகியைப் போலவே, ஓட்டுகள் சமமானால் ஒழிய இருவருக்கும் ஓட்டு இல்லை.

மாநிலத்தைப் பிரிக்க எண்ணவேண்டியதில்லை. அரசியல் சட்டத்தையே திருத்துவதென்றால் குரல் வாக்கு செல்லாது, எண்ணியே ஆகவேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். 1956இல் ஏழாவது திருத்தம் அப்படித்தான் நிறைவேறி நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. மொழிவாரி மாநிலங்களை அமைத்த அதே கையோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்காக 350-ஏ, 350-பி என்று இரண்டு பிரிவுகளை அதில் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயலவேண்டும். தேவைப்பட்டால் குடியரசுத் தலைவர் மாநிலத்துக்கு உத்தரவிடலாம். இது 350-ஏ. அதைக் கண்காணிக்கத் தனி அதிகாரி, அவருடைய அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்படவேண்டும். இது 350-பி. நம் எல்லையை வெறும் சட்டம் மாற்றியது. நம் பிள்ளைகளின் படிப்பை அரசியல் சட்டத்திலேயே எழுதி, தலை எண்ணி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? பக்கத்தில் ஒரு பள்ளி. தமிழ் வாத்தியார் ஓய்வுபெற்றார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் வாத்தியார் போடவில்லை என்கிறார்கள். வாத்தியார் இல்லாததால்தான் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள் என்று சொன்னால் அதை எழுதிக்கொள்ள யாருக்கும் பேனா கிடைப்பதில்லை. தமிழ்ப் புத்தகம் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது வந்தது. தெலுங்கும் படிக்கட்டும், கட்டாயம் படிக்கவேண்டும். இந்த மண்ணில் வாழ அது வேண்டும். கூடவே தமிழும் என்கிறோம், அவ்வளவுதான்.

எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்! மண்டல அலுவலகம், ஜில்லா அலுவலகம், அமைச்சர் வந்தால் கார் ஜன்னல். எல்லாம் பொன்னாடையோடு போய்விட்டது. அழுதோம், ஆனால் தூங்குகிறவர் காதுக்குக் கேட்காத இடத்தில் அழுதோம். அழவேண்டிய இடம் கேள்வி நேரம்.

ஆனால் பக்குவமாகக் கேட்கவேண்டும். "எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் எப்போது?" என்று எழுதினால் அது மாநில அரசின் வேலை என்று அங்கேயே தள்ளிவிடுவார்கள். கேள்வி மத்திய அரசின் பொறுப்பைத் தொடவேண்டும். அதனால் சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சருக்கு இப்படி: 350-பி அதிகாரி ஆந்திரப் பிரதேசத்தின் தமிழ் வழிப் பள்ளிகள் பற்றிக் கடைசியாக என்ன அறிக்கை கொடுத்தார்? அது எந்தத் தேதியில் அவையில் வைக்கப்பட்டது? அதில் சொன்ன குறைகளுக்கு மாநில அரசு என்ன பதில் எழுதியது? 350-ஏ பிரிவின் கீழ் உத்தரவிடும் யோசனை உண்டா, இல்லை என்றால் ஏன்? மொத்தம் 150 சொல்லுக்குள் அடங்கவேண்டும். குறைந்தது பதினைந்து நாள் முன்பே கொடுக்கவேண்டும். நட்சத்திரம் விழுந்தால் நம் அதிர்ஷ்டம். விழாவிட்டாலும், அந்த 230க்குள் இடம் கிடைத்தால் எழுத்தில் பதில் வரும். 'தகவல் திரட்டப்படுகிறது' என்று வந்தாலும் சரி, அதுவும் பதிவுதான். அந்தத் தாளோடு அடுத்த படியேறலாம், நீதிமன்றப் படியாக இருந்தாலும்.

நம் எம்.பி. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். திருப்பதி எம்.பி., சித்தூர் எம்.பி., இரண்டு பேரிடமும் போவோம். எல்லைக்கு அந்தப் பக்கத்து திருவள்ளூர் எம்.பி.யிடமும் போவோம், கேள்வி கேட்கத் தொகுதி எல்லை கிடையாது. மூன்று பேரும் கேட்டால் மூன்று குலுக்கல் சீட்டு. ஊத்துக்கோட்டை நண்பர்களே, இந்த வேலை உங்களுடையது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனையும் வந்துவிட்டது, இனி நிலைக்குழுக்களைப் பற்றிப் பேசினால் யார் கேட்பீர்கள்? அது விழா மலரில் வரும்.

வாசல் மேஜையில் ஒரு படிவம் இருக்கிறது. பள்ளியின் பெயர், தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை, தமிழ் ஆசிரியர் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை, எந்த வருடத்திலிருந்து. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், உத்தேசமாக எழுதினால் எம்.பி. அவையில் மாட்டிக்கொள்வார். முதல் கையெழுத்து சர்பஞ்ச் அம்மா போடுகிறார், இரண்டாவது நாயுடுகாரு. அதற்கப்புறம்தான் பந்தி.

நன்றி, வணக்கம்.