எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்

(கோத்தகிரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் மகளிர் நோய் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆபரேஷன் வேண்டும் என்று நான் சொன்னவுடன் வருகிற முதல் கேள்வி, "டாக்டரம்மா, லேப்ராஸ்கோப்பியில் பண்ணிடலாமா?" அடுத்தது, "தழும்பு தெரியுமா?" அப்புறம், "எப்போ கொழுந்து பறிக்கப் போகலாம்?" மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. உள்ளே போய் எதை எடுக்கப் போகிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள்? இன்றைக்கு என் பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

முதலில் இந்த லேப்ராஸ்கோப்பி, அதாவது துளை ஆபரேஷன், எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சிலர் இதை லேசர் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். லேசர் எதுவும் இல்லை. தொப்புளில் அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் வெட்டு. அதன் வழியாகக் கேமரா. அடிவயிற்றில் இன்னும் இரண்டு மூன்று சிறிய துளைகள், கருவிகளுக்கு. மடித்து வைத்த கூடாரத்தை விரித்து நிறுத்தினால்தான் உள்ளே நடமாட முடியும், இல்லையா? அது மாதிரி, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைத் தூக்கி வைக்கிறோம். ஏன் இந்த வாயு? உள்ளே கரண்ட் வைத்து ரத்தக் குழாயை அடைக்கும்போது இது தீப்பிடிக்காது. மிச்சம் இருப்பதும் சீக்கிரம் ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியே போய்விடும். குடல் மேலே நகர்ந்து வழிவிட, தலை தாழ்ந்து கால் உயர்ந்த மாதிரி மேசையைச் சாய்த்து வைப்போம். இதற்கெல்லாம் முழு மயக்கம் வேண்டும், தொண்டையில் குழாய் வைக்க வேண்டும். அதனால்தான் எழுந்ததும் தொண்டை கரகரக்கிறது.

இதில் பலர் பயந்து போவது தோள் வலிக்குத்தான். "வயிற்றில் ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது? நெஞ்சு வலியா?" என்று ராத்திரி நர்ஸைக் கூப்பிடுவார்கள். வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது, அங்கிருந்து போகும் நரம்பு தோளில் வலியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் அதோடு மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு கதை, உடனே சொல்ல வேண்டும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாதவிடாய்ப் போக்கு நிற்கவில்லை என்று 44 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார். கேமரா விட்டுப் பார்க்க மட்டும் கையெழுத்துப் போடுகிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். நீதிமன்றம் சொன்னது இதுதான்: பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. தானே முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த பெண்ணுக்காக அவள் அம்மா சம்மதிக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும்தான் விதிவிலக்கு.

இந்தத் தீர்ப்பை டாக்டர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு என்னவோ, உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நம் ஊரில் சம்மதப் படிவத்தைக் கணவர் கையில் கொடுப்பார்கள், அவர் பேனாவைத் தேடுவார், படுத்திருக்கிறவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காகிதம் உங்களுடையது. தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டியை மட்டும் எடுப்பதா, கர்ப்பப்பையோடு எடுப்பதா, சினைப்பையைத் தொடுவீர்களா, உள்ளே வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே பேசி, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

சினைப்பையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், "எடுக்கிறது எடுக்கிறீங்க, எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடுங்க, பின்னாடி கேன்சர் வராது" என்று வீட்டில் பெரியவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற உடம்பு ஆகிவிடும். உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் கெடும், எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். பரம்பரையாகப் புற்றுநோய் வருகிற குடும்பம், சினைப்பையிலேயே நோய் என்றால் எடுக்கத்தான் வேண்டும். வெறும் முன்னெச்சரிக்கை என்று நாற்பது வயதுப் பெண்ணுக்கு எடுப்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கர்ப்பப்பையை எடுப்பதற்கும் காரணம் இருக்க வேண்டும். வெள்ளைப்படுதல் காரணம் இல்லை. இடுப்பு வலி மட்டும் காரணம் இல்லை. "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு அது" என்பது காரணமே இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாயால் கூலி போகிறது என்று இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது 2019இல் பெரிய செய்தியானது. தோட்ட வேலை செய்கிறவர்கள் நாமும். அதனால்தான் அந்தச் செய்தி எனக்குத் தூரத்துச் செய்தியாகப் படவில்லை. போக்கு அதிகமாக இருந்தால் முதலில் ரத்தம், தைராய்டு, ஸ்கேன் பார்க்க வேண்டும். வயதுக்கேற்ப கர்ப்பப்பையின் உள்சவ்வில் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி மாதிரியான கருவி இருக்கிறது. அதை வைத்தால் பல வருடங்களுக்குப் போக்கு வெகுவாகக் குறையும். கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டி மாதவிடாய் நின்ற பிறகு தானே சுருங்கும். மாதவிடாய் இருக்கிற பெண்ணுக்கு சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவான சாதாரண நீர்க்கட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே போய்விடும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீர்க்கட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் கோயம்புத்தூருக்கு வண்டி பேச வேண்டாம்.

எடுக்கத்தான் வேண்டும் என்று ஆனபின்னும், துளைதான் எப்போதும் சிறந்த வழி என்று இல்லை. அடியிறக்கம், அதாவது கர்ப்பப்பை கீழே இறங்குவது, இருந்தால், அல்லது கர்ப்பப்பை சிறியதாக இருந்தால், கீழ்வழியாகவே எடுத்துவிடலாம். வயிற்றில் ஒரு துளைகூட வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால், ஆரம்ப நிலையில் துளை வழி செய்த பெண்களைவிட வயிற்றைத் திறந்து செய்த பெண்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பெரிய நார்க்கட்டியைத் துளை வழியாக எடுக்க, உள்ளேயே துண்டு துண்டாக்க வேண்டும். அதற்கு ஒரு சுழலும் மெஷின் உண்டு. கட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் புற்று இருந்துவிட்டால் அந்த மெஷின் அதை வயிறெங்கும் சிதறடித்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. இது அபூர்வம்தான். ஆனாலும், "துண்டாக்குவீர்களா? பைக்குள் வைத்தா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கருக்குழாயில் கரு தங்குவது, சினைப்பை முறுக்கிக்கொள்வது, கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான சதை வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இதற்கெல்லாம் லேப்ராஸ்கோப்பி நிஜமாகவே வரப்பிரசாதம்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றி ஒரே வார்த்தை. ஆண்களுக்குச் செய்வதற்கு வயிற்றுக்குள்ளேயே போக வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். பின்வரிசையில் நிற்கும் அண்ணன்மார்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், வீட்டில் பேசுங்கள்.

அடுத்து, ஆபரேஷனுக்கு முன்னால். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் முதலில் உடம்பில் ரத்த அளவை உயர்த்த வேண்டும், தேதியைப் பிறகு குறிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை நம் ஊரில் எதோடு விழுங்குகிறார்கள்? டீயோடு! தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். ஆபரேஷன் அன்றைக்கும் இதே டீதான் வில்லன். "சாப்பிடவே இல்லைங்க, ஒரு டீ மட்டும்தான்" என்பார்கள். பால் டீ சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.

நம் இருளர், குறும்பர், பனியர் குடும்பங்களிலிருந்து வந்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இருக்கிறது. உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குளிர், உடம்பில் நீர் வற்றுவது, ஆக்சிஜன் குறைவது, மூன்றுமே அதைக் கிளப்பிவிடும். ஆபரேஷன் அறையில் இந்த மூன்றுக்கும் இடம் உண்டு. தெரிந்தால் தடுக்கலாம். பரிசோதித்ததே இல்லை என்றால் முதலில் அந்தப் பரிசோதனை.

ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கேமரா விட்டுப் பார்க்கும் ஆபரேஷனில் ஆயிரத்தில் சுமார் இரண்டு பேருக்குப் பெரிய சிக்கல் வரலாம். குடல், மூத்திரப்பை, மூத்திரக்குழாய், பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றில் காயம். கர்ப்பப்பை எடுப்பதில் இன்னும் கூடும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு உள்ளே ஒட்டியிருக்கலாம். நடுவில் துளையை விட்டுவிட்டு வயிற்றைத் திறந்தோம் என்றால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கிற டாக்டரை நம்புங்கள்.

குடலில் பட்ட சிறிய காயம் அன்றைக்கே தெரியாமல் போகலாம். சில நாள் கழித்துத்தான் காட்டும். இங்கேதான் மலையில் இருக்கிற நமக்கும் கீழே இருப்பவர்களுக்கும் வித்தியாசம். "காலையில் ஆபரேஷன், மறுநாள் வீடு" என்ற கணக்கு மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சரி. சோலூர்மட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், கடைசி பஸ் போனால் வழியில்லை என்று இருப்பவருக்குச் சரியா? மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே ஆபரேஷன் செய்துகொண்டால் இரண்டு மூன்று நாள் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் தேதி வாங்காதீர்கள். உயரம் ஏறினால் வயிற்றில் இருக்கும் வாயு உப்புமா என்று கேட்கிறார்கள். அதற்குள் அது கரைந்திருக்கும், பயம் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆபரேஷனில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், வயிறு உப்பினால், வாந்தி, காய்ச்சல், மூத்திரம் போகாமை, பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் மாதிரி ஒழுகுவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்கும் சொல்லுங்கள்.

பத்தியம் பற்றி மாமியார்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்பது உண்மை இல்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் இறுகும், முக்கினால்தான் தையலுக்குக் கேடு. பருப்பு, முட்டை, கீரை எல்லாம் கொடுங்கள். கொழுந்து விஷயம்: சும்மா நடப்பது மறுநாளிலிருந்தே. ஆனால் இலை மூட்டையை முதுகில் ஏற்றி எடை போடும் இடத்துக்குத் தூக்கிப் போவது, கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் கூடவே கூடாது. தாம்பத்தியமும் அதே கணக்கு. வெளியே தழும்பு ஆறிவிட்டது என்பதால் உள்ளே போட்ட தையல் ஆறிவிட்டது என்று ஆகாது. வேலைக்கு விடுப்புச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, எடுத்த சதையைப் பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வலி போய்விட்டது என்று அதை வாங்கவே வராதவர்கள் நிறைய. டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எடுத்தார்கள், சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் பதில் சொல்லும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்த ஆபரேஷன் வரும் என்று கேட்டவர்கள், ரேஷன் கார்டு நகலோடு இடது பக்க மேசைக்கு வாருங்கள். தனியாகக் கேட்க வேண்டியது இருப்பவர்கள் உள்ளறைக்கு வரலாம், கடைசி பஸ் வரைக்கும் இருக்கிறேன்.