பன்னிரண்டாவது ஆளும் ஐயாயிரம் மரங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பக்கத்துக்குப் பதினோரு பேர், 100 கஜ நீளமுள்ள மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். இன்றைய உரைக்கு இவ்வளவு விதி போதும். நான் பேசப்போவது மைதானத்துக்குள் நடப்பதைவிட அதைச் சுற்றி நடப்பதைப் பற்றி. டெக்சாஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், அதன் அணியான அகீஸ், அந்த அணியைச் சுற்றி வளர்ந்த மரபுகள்.

இந்த மரபுகளில் எதையும் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வகுக்கவில்லை. தற்செயலாக முளைத்தன, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. அப்படிக் கூடியவற்றில் பல யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஒன்று மட்டும் 12 உயிர்களைக் கொண்டுபோனது.

வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க 1876-இல் திறந்த கல்லூரி அது. ஆண்கள் மட்டும் படித்தார்கள். ராணுவப் பயிற்சி கட்டாயம். பெண்களுக்குக் கதவு திறந்தது 1963-இல். மாணவர் படையில் சேர்வது அவரவர் விருப்பம் என்று ஆனது 1965-இல். இன்று சீருடை மாணவர்கள் அங்கே சிறுபான்மை. ஆனால் கேலரியில் தெரிவதெல்லாம் பாசறைப் பழக்கம்தான்: சேர்ந்து நிற்பது, முன்வரிசைக்கு வந்த கட்டளையைப் பின்வரிசைக்குக் கடத்துவது, மூத்தவன் சொன்னால் இளையவன் கேட்பது.

கால்பந்து அணியும் பாண்டு வாத்தியக் குழுவும் 1894-இல், ஒரே ஆண்டில் வந்தன. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு அந்த ஆண்டு நடந்த ஆட்டத்தில் 38-0 என்று தோல்வி. பகை அன்று தொடங்கியது. இனி டெக்சாஸ் அணி என்று நான் சொன்னால் அது இவர்கள்தான். 1904-இல் தோட்டக்கலைப் பேராசிரியர் எட்வின் கைல் வேளாண் நிலத்தில் ஒரு பகுதியை வேலி போட்டு ஆட்டத்துக்கு ஒதுக்கினார். அந்த இடம்தான் கைல் ஃபீல்டு. இன்று அங்கே 1,02,733 பேர் அமரலாம். அமரலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மாணவர்களுக்கான பகுதியில் யாரும் அமர்வதில்லை, ஆட்டம் முழுக்க நிற்பார்கள்.

அதற்குக் காரணம் 1922 ஜனவரி 2. டல்லாஸ் நகரில் சென்டர் கல்லூரி அணியோடு ஆட்டம். சென்டர் சிறிய கல்லூரிதான், ஆனால் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஹார்வர்டையே 6-0 என்று வீழ்த்திய அணி. ஏ அண்ட் எம் பயிற்றுநர் டானா பைபிளிடம் மாற்று வீரர்கள் குறைவு. இருந்தவர்களும் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியேறினார்கள். கிங் கில் என்ற மாணவர் அப்போது மேலே பத்திரிகைக்காரர்கள் இடத்தில் இருந்தார். கூடைப்பந்துக்காகக் கால்பந்தை விட்டவர் அவர். ஆடுபவர்கள் யார் யார் என்று பத்திரிகைக்காரருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். பைபிள் அவரைக் கீழே அழைத்தார். கேலரிக்கு அடியில், காயம்பட்ட ஒரு வீரரின் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு கில் எல்லைக்கோட்டருகே வந்து நின்றார். ஆட்டம் 22-14 என்று ஏ அண்ட் எம் பக்கம் முடிந்தது. கில் களத்தில் இறங்கவே இல்லை. கூப்பிட்டால் இறங்கத் தயாராக நின்றார், அவ்வளவுதான். அவரைப்போலத் தாங்களும் தயார் என்று காட்டத்தான் மாணவர்கள் நிற்கிறார்கள்.

ஆடும் பதினோரு பேருக்குத் துணைநிற்பவரைக் குறிக்கும் ‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற சொல்வழக்கு அதற்கு முன்பே இருந்தது. 1900-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் அச்சிலேயே எழுதியிருக்கிறார்கள். கில்லின் கதையோடு அது ஒட்டிக்கொண்டது பிற்பாடு. பழைய மாணவர் சங்கத்தைச் சேர்ந்த மெக்குவில்லன் 1939-இல் அந்த ஆட்டத்தை நாடகமாக எழுதி ஒலிபரப்பச் செய்தார். வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அதே ஆண்டு அணி தேசியப் பட்டத்தை வென்றது. கதை ஊரெங்கும் பரவ வேறென்ன வேண்டும்? 1990-இல் பல்கலைக்கழகம் அந்தப் பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. சியாட்டில் நகரின் தொழில்முறை அணி அதையே பயன்படுத்தியபோது 2006-இல் வழக்குத் தொடுத்து, பணம் பெற்று உரிமம் கொடுத்தது.

மாணவர்கள் நிற்பது பக்திக்கு மட்டுமல்ல, அதில் ஆட்டப் பயனும் உண்டு. பந்து வைத்திருக்கும் அணியை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஒவ்வொரு முறையும் குரல் கொடுத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார். எந்தக் குரலுக்குப் பந்து நகரும் என்பது அவருடைய ஆட்களுக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது. அந்த அரை நொடிதான் அவர்களுடைய மூலதனம். கேலரி இரைச்சலில் குரல் அமுங்கினால், ஓரத்தில் நிற்பவர் ஊகித்து அசைவார். பந்துக்கு முன் அசைந்தால் 5 கஜம் அபராதம். வருகிற அணிகள் இதற்குத் தயாராகத்தான் வருகின்றன. பந்தைப் பின்னால் தரும் வீரரைப் பக்கத்தில் நிற்பவர் தட்டுவார். அந்தத் தட்டிலிருந்து எல்லோரும் மனத்துக்குள் எண்ணுவார்கள். ஆனால் அப்போது அவர்கள் பந்தையே பார்க்க வேண்டியிருக்கிறது, முன்னால் நிற்கும் எதிரியைப் பார்க்க முடிவதில்லை. ஆக இரைச்சல் வீண்போவதில்லை. சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது இதே கூட்டம் அடங்க வேண்டும். புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கூட்டத்தை நடத்துவது ஐந்து பேர்: இறுதியாண்டு மாணவர் மூவர், மூன்றாமாண்டு மாணவர் இருவர். யெல் லீடர்கள் என்று பெயர். மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றக் கல்லூரிகளில் குதித்தாடும் சியர்லீடர்கள் இங்கே இல்லை. வெள்ளுடையில் நிற்கும் இந்த ஐவரும் அடுத்து எழுப்ப வேண்டிய முழக்கத்தைக் கையால் குறி காட்டுவார்கள். முன்வரிசை அதே குறியைத் தலைக்குமேல் காட்டும், அதற்குப் பின்வரிசை, அதற்கும் பின்வரிசை என்று உச்சிவரை போகும். பிறகு எல்லோரும் இடுப்பை வளைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே கையை ஊன்றிக் குனிந்து கத்துவார்கள். வாயும் தொண்டையும் வயிறும் நேர்கோட்டில் நின்றால் சத்தம் கூடும் என்பது அவர்கள் கணக்கு.

சொந்த ஊர் ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் ஒத்திகை உண்டு. 1930-களின் தொடக்கத்தில், டெக்சாஸ் ஆட்டத்துக்கு முன்னதாக, ஒய்எம்சிஏ கட்டடத்தின் படிக்கட்டில் தொடங்கியது. இப்போது கைல் ஃபீல்டிலேயே நடக்கிறது. முடிவில் விளக்குகளை அணைப்பார்கள். துணையோடு வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். துணை இல்லாதவர்கள் லைட்டரைப் பற்றவைத்து உயர்த்துவார்கள், யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று. வென்றால் முதலாண்டுப் படை மாணவர்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்து நீரூற்றில் தள்ளுவார்கள். தோற்றால் கூட்டம் அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்கும். தோல்வி என்ற சொல்லையே ஏற்க மாட்டார்கள், நேரம் போதவில்லை என்பார்கள். அதை வாதாடிப் பயனில்லை.

1983-இல் பயிற்றுநர் ஜாக்கி ஷெரில் ஒரு படி மேலே போனார். பந்தை உதைத்து ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கென்று, உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களை மட்டும் கொண்டு ஒரு குழு அமைத்தார். முழு வேகத்தில் ஐம்பது அறுபது கஜம் ஓடி மோத வேண்டிய வேலை அது. அடுத்து வந்த பயிற்றுநர் ஆர். சி. ஸ்லோகம் அதை ஒரே மாணவராகச் சுருக்கினார். அவருக்கு 12 என்ற எண்.

ரெவலி என்ற நாயையும் சொல்லாமல் விட்டால் அகீஸ் கோபித்துக்கொள்வார்கள். 1931-இல் மாணவர்களின் காரில் அடிபட்ட தெருநாய். விடுதிக்குத் தூக்கி வந்தார்கள். காலையில் எழுப்பும் எக்காளம் கேட்டுக் குரைத்ததால் அந்த எக்காளத்தின் பெயரே அதற்கு வந்தது. இப்போதெல்லாம் கோலி இனத்து நாய். படையில் எல்லோரையும்விட உயர்ந்த பதவி. அது ஒரு மாணவரின் கட்டிலில் படுத்துக்கொண்டால் அவர் தரையில்தான் படுக்க வேண்டும். இறந்த நாய்களின் கல்லறை மைதானத்தின் வடபுறம் இருக்கிறது. ஆட்டப் புள்ளிகள் அவற்றுக்குத் தெரிய வேண்டும் என்று அதை நோக்கித் தனியாக ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள்.

இனி தீக்குவியல்.

டெக்சாஸ் அணியோடு மோதுவதற்கு முன், அவர்களை வெல்லும் வேட்கையைக் காட்ட வளாகத்தில் தீ மூட்டும் மரபு. வளாகத்தில் முதல் தீ 1909-இல். பழம்பெட்டி, குப்பை, கைக்கு அகப்பட்ட மரம், அவ்வளவுதான். 1935-இல் ஒரு விவசாயியின் கொட்டகையையே பிரித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அதன்பிறகு நிர்வாகமே கோடரியும், வெட்டிக்கொள்ள மரமும் ஏற்பாடு செய்தது. திருட்டைத் தடுக்கச் செய்த காரியம்தான். ஆனால் குப்பைக் குவியல் முழுமரக் குவியலாக மாறியது அதனால்தான். நடுவில் கம்பம் நட்டு, மரங்களை அதன்மேல் சாய்த்துக் கூம்பாக அடுக்கினார்கள். 1963-இல் மட்டும் அது எரியவில்லை. கென்னடி கொல்லப்பட்டதும் பிரித்துவிட்டார்கள். 1969-இல் உயரம் 109 அடி 10 அங்குலம். நிர்வாகம் பயந்து, உயரம் 55 அடி, அகலம் 45 அடி என்று வரம்பு வைத்தது.

1978-இல் வடிவம் மாறியது. கூம்பு போய், கல்யாணக் கேக் என்று அவர்களே பெயரிட்ட அடுக்கு முறை வந்தது. கூம்பில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அடுக்கு முறையில் மரங்கள் செங்குத்தாக நிற்கும். மேல் அடுக்கின் முழுப் பாரமும் கீழ் அடுக்கின் மரங்களை வெளியே தள்ளப் பார்க்கும். பீப்பாய்ப் பலகைகளை இரும்புப் பட்டை பிடித்திருப்பதுபோல அவற்றைச் சுற்றிலும் ஏதாவது இறுக்கிப் பிடித்தாக வேண்டும்.

வேலை இலையுதிர் காலத்தில் தொடங்கும். யாராவது தம் நிலத்தைச் சுத்தம் செய்ய விரும்பினால் அங்கே போய்க் கோடரியால் மரம் வெட்டுவார்கள், தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவார்கள். இரண்டு மின்கம்ப மரங்களை இணைத்து நடுக்கம்பம். அதைச் சுற்றி மரங்களை நிறுத்தி, வைக்கோல் கட்டும் கம்பியால் ஒவ்வொன்றையும் பக்கத்து மரத்தோடு பிணைப்பார்கள். உயரத்தில் கயிற்றூஞ்சலில் தொங்கிக்கொண்டு கம்பி கட்ட வேண்டும். கிரேன் மேல் அடுக்குக்கு மரம் தூக்கித் தரும். கடைசி நாட்களில் இரவு பகலாக முறை வைத்து வேலை. யார் தலைவர் என்பதை ஹெல்மெட்டின் நிறம் சொல்லும்; சிவப்பு ஹெல்மெட் எல்லோருக்கும் மேல். உச்சியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைக் கேலி செய்யும் ஒரு கழிப்பறைக் கூண்டு. நள்ளிரவு தாண்டியும் நடுக்கம்பம் நின்று எரிந்தால் வெற்றி நிச்சயம் என்று நம்பிக்கை.

வரைபடம் கிடையாது. போன ஆண்டு செய்தவன் இந்த ஆண்டு செய்பவனுக்கு வாயால் சொல்வதுதான் வடிவமைப்பு. 1994-இல் மழையில் தரை இளகிக் குவியல் சாய்ந்தது. பிரித்துப்போட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடி கட்டினார்கள். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை, சாதனையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. ஐயாயிரம் மரங்கள், 59 அடி உயரம். அதாவது வரம்புக்குமேல் நான்கு அடி. 58 பேர் வேலையில் இருந்தார்கள். குவியல் சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அடியில் உயிரோடு சிலர் இருந்ததால் இயந்திரத்தைக் கொண்டு இழுக்க முடியவில்லை; ஒரு மரத்தை எடுத்தால் இன்னொன்று நகரும். பெரும்பாலானவற்றைக் கையாலேயே அகற்றினார்கள். கால்பந்து அணி பயிற்சியைக் கைவிட்டு வந்து மரம் சுமந்தது.

லியோ லின்பெக் தலைமையிலான விசாரணைக் குழு 2000 மே மாதம் அறிக்கை தந்தது. கண்டது இது: இரண்டாவது அடுக்கின் மரங்களை முதல் அடுக்கின் இடுக்குகளில் ஆப்பாக அறைந்து இறக்கியிருந்தார்கள். அசையாமல் நிற்கட்டும் என்று செய்ததுதான், ஆனால் ஒவ்வொரு ஆப்பும் கீழ் அடுக்கை வெளிப்புறம் பிளந்தது. பிளக்கும் விசையைத் தாங்க வேண்டியது வைக்கோல் கம்பிதான், அது போதவில்லை. முந்தைய ஆண்டுகளில் முதல் அடுக்கைச் சுற்றி எஃகு வடம் கட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு அது இல்லை. தரையின் சரிவும் தன் பங்கைச் செய்தது. இவற்றில் எதுவும் ஒரே நாளில் நுழைந்ததல்ல. நிர்வாகம் குடியையும் முரட்டுத்தனத்தையும் கண்காணித்தது. குவியல் நிற்குமா என்று யாரும் கணக்குப் போடவில்லை. நாட்டின் பெரிய பொறியியல் கல்லூரிகளில் ஒன்று அதே வளாகத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நவம்பர் 26-இல் ஆட்டம் நடந்தது. இடைவேளையில் டெக்சாஸ் பாண்டு வாத்தியக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது. சரிந்த இடத்தில் 2004-இல் எழுப்பிய நினைவிடம் ஒரு வட்டம். 12 வாயில்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊரை நோக்கித் திறக்கிறது.

வளாகத்தில் அதற்குப் பிறகு தீ எரியவில்லை. வெளியே, பல்கலைக்கழகத்தின் தொடர்பில்லாமல், மாணவர்கள் தாங்களாகவே வேறு இடத்தில் கட்டி எரிக்கிறார்கள். பார்வைக்குப் பழைய அடுக்குபோல இருந்தாலும் அமைப்பு வேறு: எந்த மரமும் இன்னொன்றின் தலையில் நிற்பதில்லை. நெட்டையோ குட்டையோ, எல்லா மரத்தின் அடியும் தரையைத் தொடுகிறது. ஆப்பு அறைய இடமே இல்லை.

2011-இல் நின்றுபோன டெக்சாஸ் ஆட்டம் 2024-இல் திரும்ப வருகிறது என்றதும், தீயும் வளாகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பொறியாளர்கள் வரைந்து ஒப்பந்தக்காரர்கள் கட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் மார்க் வெல்ஷ் அந்த ஜூனில் மறுத்துவிட்டார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒப்பந்தக்காரர் கட்டினால் மாணவருக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பது. மாணவரே கட்டினால் அவர்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மீறிய கட்டுமானம். தீ இல்லாமலேயே நவம்பர் 30 அன்று கைல் ஃபீல்டு நிரம்பி வழிந்தது. டெக்சாஸ் 17-7 என்று வென்றது. அகீஸிடம் கேட்டால், நேரம் போதவில்லை என்பார்கள்.

வணக்கம்.