ஈஐசி கைக்கு வந்தாச்சு!

வணக்கம் மக்களே, இதோ பாருங்கள், வந்தே விட்டது ஈஐசி, அதாவது புது ஒயரிங் வேலைக்கு எலக்ட்ரீஷியன் சோதித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிற சர்டிபிகேட்! லண்டன் ஹாரோவில் இருக்கிற நம்ம வீட்டு சமையலறை எக்ஸ்டென்ஷனைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, இந்தக் காகிதத்தை ஏன் இப்படி ஆட்டிக் காட்டுகிறேன் என்று தெரியும்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன், கொட்டேஷனில் சர்டிபிகேட்டுக்கு மட்டும் தனியாக 180 பவுண்டு போட்டிருந்தார். நூற்று எண்பது! புது சர்க்கியூட் இழுத்தால் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், வீட்டு மின்வேலைகளுக்காக 2005இல் வந்த 'பார்ட் பி' (Part P) விதி அது. சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் வேலையில் சேர்த்திதானே, மேலே தூவுகிற கொத்தமல்லியா என்ன? கேட்டால், "அப்படியானால் ஈஐசிஆர் தருகிறேன், செலவு குறையும்" என்கிறார். அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது. ஈஐசிஆர் என்பது ஏற்கெனவே இருக்கிற ஒயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, வாடகை வீடுகளுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்களே, அதுதான். புது வேலைக்கு ஈஐசி. டிசைன், ஒயரிங், சோதனை மூன்றுக்கும் அதில் கையெழுத்து வேண்டும். சுவரைப் பூசி மூடிய பிறகு ஈஐசிஆர் எடுக்க வருகிறவர், உள்ளே கேபிள் போகிற வழிக்கு எப்படிப் பொறுப்பேற்பார்?

அவர் வேண்டாமென்று, எலக்ட்ரீஷியன்களைப் பதிவு செய்கிற நாப்பிட் (NAPIT) அமைப்பில் பதிவுள்ள ஒருவரைப் பிடித்தேன். பதிவு இருந்தால் ஒயரிங்குக்கென்று நாம் தனியாக விண்ணப்பம் போட வேண்டாம், 30 நாளுக்குள் அவர் வழியாகவே தகவல் போய்விடும்.

சோதனையைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்தது! 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் பார்த்தார், குறைந்தது 1 மெகாஓம் வேண்டும், நமக்கு மீட்டர் 999ஐத் தாண்டியது. அப்புறம் ஆர்சிடி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், அதற்கு 300 மில்லிவிநாடி வரை அனுமதி உண்டு, நம்முடையது 22இல் டப்பென்று விழுந்தது. இருபத்திரண்டு, மக்களே! இருங்கள், ஒன்று விட்டுப்போச்சு: இதற்கு முன்னாலேயே பழைய பியூஸ் பாக்ஸை மாற்றிவிட்டு, கேஸ் பைப்புக்கும் தண்ணீர் பைப்புக்கும் போயிருந்த மெல்லிய எர்த் ஒயரைக் கழற்றி 10 எம்எம் பச்சை-மஞ்சள் ஒயர் போட்டிருந்தார். அதுவும் இதோ, சர்டிபிகேட்டில் இந்தக் கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது.

வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று சொல்கிற கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் இன்னும் வரவேண்டும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் (வக்கீல்) கேட்பார். எலக்ட்ரீஷியனிடம் விலை பேசும்போதே, "ஈஐசி உங்கள் கையெழுத்தில் வருமா, இந்த விலையில் அதுவும் சேர்த்தியா" என்று கேட்டுவிடுங்கள். சரி, அடுத்த வீடியோவில் தரைக்கு டைல்ஸ்.