விதிவிலக்கு வாசல் வரை வருவதில்லை

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் எப்படி நடந்துகொண்டன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு, கொடுத்திருக்கிற நேரத்தில் அடங்காது. அதனால் அதில் ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறேன்: சின்னப் பிள்ளையோடு வந்த அப்பா அம்மாக்களை வாசலிலேயே நிறுத்திய கதை. கூட்டம் வரும் இடங்களில் வாசலில் நிற்கும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வரிசை எந்தப் பக்கம் வளைய வேண்டும், பலகையில் என்ன எழுத வேண்டும், கோபமாக வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் எதைச் சொல்லக் கூடாது, இந்த மாதிரி விஷயங்கள். வீட்டில் நான் இதைப் பேச ஆரம்பித்தால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இது பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் பள்ளிகள் வரிசையாக மூடின. யுனெஸ்கோ கணக்குப்படி உச்சக்கட்டத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். குழந்தைக் காப்பகமும் பல இடங்களில் மூடிவிட்டது. தாத்தா பாட்டியிடம் பிள்ளையை விடாதீர்கள், வயதானவர்களுக்கு ஆபத்து என்றார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள் என்றார்கள். சரி, இதெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான பேச்சுதான், நான் எதையும் குறை சொல்லவில்லை. அப்புறம் கடைசியாகக் கடை வாசலில் ஒரு பலகை: குழந்தைகளோடு வர வேண்டாம். பிள்ளையை எங்கேயும் விடக் கூடாது, கையோடு கூட்டிக்கொண்டும் வரக் கூடாது என்றால் அந்த அம்மா என்னதான் செய்வாள்? பள்ளியும் காப்பகமும் கடையும் தத்தம் கதவைப் பற்றி மட்டும் யோசித்தன. எல்லாக் கதவும் ஒரே நாளில் சாத்தியிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

வீட்டுக்கு ஒருவர் மட்டும் வாருங்கள் என்கிற விதிக்கு அடியில் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறார், அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்கிற எண்ணம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், உலகக் குடும்பங்களில் சுமார் 8 விழுக்காடு ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், அவற்றில் 84 விழுக்காட்டுக்கு மேல் அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் என்று இருக்கிறது. இது எழுதி வைத்த கணக்கு. கணக்கில் வராதவர்களும் உண்டு. கணவர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். மனைவி மருத்துவமனையில் செவிலியராக இருப்பார், வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கவே பயப்படுவார். அல்லது இருவரில் ஒருவருக்கு அதே தொற்று வந்து உள் அறையில் தனியாகப் படுத்திருப்பார். அந்த வீட்டில் எழுந்து கடைக்குப் போகக் கூடியவர் ஒருவர்தான், அவர் இடுப்பில்தான் பிள்ளை இருக்கும். பிரிட்டனில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒற்றைப் பெற்றோரைப் பற்றி அப்போதே பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இந்த விதியை அரசாங்கம் போட்டதா, கடை போட்டதா? இரண்டும் உண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் உண்டு, எனக்கு அந்த நடுவில் இருப்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, இந்தியாவில் ஊரடங்கு தளர்ந்தபோது 2020 மே 30 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள், அத்தியாவசியத் தேவைக்கும் உடல்நலத் தேவைக்கும் வெளியே வருவது தவிர. அறிவுரை, அதில் ஒரு விதிவிலக்கு. நன்றாகத்தான் இருந்தது. இது கடை நிர்வாகத்துக்குப் போகிறது, அவர்கள் இரண்டு வரியாகச் சுருக்குகிறார்கள். அங்கிருந்து மேலாளருக்கு ஒரு வரியாக. அங்கிருந்து பலகை எழுதுகிறவருக்கு. பலகையில் இடம் இருப்பது நாலு வார்த்தைக்கு. 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதியில்லை. முடிந்தது. காய்ச்சல் மருந்து வாங்க வந்தவரும் அத்தியாவசியத் தேவைக்கு வந்தவர்தானே என்று அந்தப் பலகையிடம் யாரால் வாதாட முடியும்? எத்தனையோ அறிவிப்புகளை நான் பார்த்திருக்கிறேன், மேலே இருந்து கீழே வரும்போது முதலில் உதிர்வது விதிவிலக்குதான். விதி பத்திரமாக வந்து சேர்ந்துவிடும், விதிவிலக்கு வாசல் வரை வருவதில்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி சொன்னது. அவர் கடை வாசலில் நிற்கிறார், கையில் அந்தச் சின்ன எண்ணும் கருவி, ஒருவர் உள்ளே போனால் ஒரு தடவை அழுத்த வேண்டும். உள்ளே இத்தனை தலைதான் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. ஒரு அம்மா வருகிறார், மார்போடு துணியில் கட்டிய கைக்குழந்தை, தூங்குகிறது, கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயசுப் பையன். தம்பி யோசித்துவிட்டு ஒரே ஒரு தடவை அழுத்தினார். பின்னால் வரிசையில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேர் போகிறார்கள், மூன்று தடவை அழுத்துங்கள் என்று சத்தம். மூன்று தடவை அழுத்தினால் எண்ணிக்கை மிஞ்சிவிடும். தம்பி மேலாளருக்குப் போன் போட்டார். மேலாளர், பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய் என்று வைத்துவிட்டார். பலகையில் இருந்தது, குடும்பத்துக்கு ஒருவர். அந்த அம்மா அமைதியாகக் கேட்டாராம், எங்கள் மூன்று பேரில் யாரைத் தம்பி உள்ளே அனுப்பப் போகிறீர்கள் என்று. நாலு வயசுப் பையன் நான் போகிறேன் என்றிருக்கிறான்.

கதை இன்னும் முடியவில்லை. சரி, பட்டியலைக் கொடுங்கள், உள்ளே இருக்கிற பெண்ணை எடுத்துவரச் சொல்கிறேன் என்று தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல எண்ணம்தான். உள்ளே போன பெண் திரும்பி வந்து டயபர் எந்த அளவு என்று கேட்டார். போனார். மறுபடி வந்து, நீங்கள் சொன்ன சோப்பு இல்லை, வேறு எடுக்கட்டுமா என்றார். போனார். இதற்குள் பையனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டும். கைக்குழந்தை எழுந்து அழ ஆரம்பித்துவிட்டது. வரிசையில் எல்லாரும் இடைவெளியை மறந்து நெருங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். யாரும் யாரையும் நெருங்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவை நேராக உள்ளே விட்டிருந்தால் அவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும், எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார். இப்போது கேளுங்கள், சத்தம் போட்டாரே அந்தப் பெரியவர், அவர் ஒரே தலை, விதிப்படி சரி. அவர் உள்ளே போய் மொத்தக் கடையையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பேட்டரியோடு வெளியே வந்தாராம்.

இதைச் சொல்லிச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அப்போது நெருங்கிய தொடர்பு என்று எதைக் கணக்கிட்டது தெரியுமா? ஆறடிக்குள், 15 நிமிடம். தூரமும் நேரமும். அதில் வயது இல்லை. தலையை எண்ணுவது சுலபம், நேரத்தை எண்ணுவது கஷ்டம், அதனால் எண்ண முடிந்ததை எண்ணினோம்.

கடைக்காரர்கள் பக்கமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் என் பழைய மாணவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். வாசலிலும் பில் போடும் இடத்திலும் நின்றவர்கள் நாள் முழுக்க முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சுக்காற்றில் நின்றார்கள், தடுப்பூசி இல்லாத காலத்தில். பொழுது போகவில்லை என்று ஐந்து பேராகக் குடும்பத்தோடு கடைக்கு உலா வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களால்தான் இந்த விதியே வந்தது. குழந்தை எல்லாவற்றையும் தொடும், வாயில் வைக்கும் என்பது உண்மை. 2020இன் தொடக்கத்தில் எல்லாருக்கும் தொடுவதைப் பற்றித்தான் பயம். வாங்கி வந்த பொட்டலத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவியவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த வானொலியைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் தூக்குவீர்கள். பிறகு 2021 ஏப்ரலில் அதே அமெரிக்க மையம், கிருமி பட்ட பொருளை ஒரு தடவை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. பெரிய ஆபத்து காற்றில் இருந்தது. குழந்தை பரப்பாது என்று நான் சொல்ல வரவில்லை, பரப்பும். ஆனால் மூடிய அறையில் நின்று சத்தமாகப் பேசும் பெரியவரைவிட, தூங்குகிற கைக்குழந்தை எந்த வகையில் அதிக ஆபத்து என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

ஸ்பெயினில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மார்ச் நடுவிலிருந்து குழந்தைகள் வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது, நடைப்பயிற்சிக்குக்கூட. நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போகலாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உலாவப் போக முடியாது. ஒரு மாதத்துக்கும் மேல் ஆனபிறகு, ஏப்ரல் 21 அன்று அரசு தளர்வு அறிவித்தது. என்ன தளர்வு? 14 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களோடு கடைக்கும் மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் வரலாம். பூங்கா கூடாது, தெருவில் நடக்கக் கூடாது, மூடிய கடைக்குள் மட்டும் வரலாம்! மக்கள் கொதித்துப்போனார்கள். அன்றைக்கே அரசு பின்வாங்கியது, ஏப்ரல் 26 முதல் ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டருக்குள் நடந்துவிட்டு வரலாம் என்று மாற்றியது. மற்ற இடங்களில் கடைக்குள் வராதே என்று பிள்ளையை நிறுத்தினார்கள், இங்கே கடைக்குள் மட்டும் வா என்றார்கள். இரண்டிலும் பிள்ளையை வளர்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு வாருங்கள் என்று வாசலில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். அமெரிக்காவில் மட்டும் 1998 முதல் சராசரியாக ஆண்டுக்கு 35க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள், இது பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே நடப்பது. கடைக்குள் தொற்று வரலாம் என்கிற பயத்தில் பிள்ளையைக் காருக்குள் விடச் சொல்வது என்ன கணக்கு?

முகக்கவசத்தைப் பற்றியும் தடுப்பூசிச் சான்றிதழைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொன்னார்கள். ஆனாலும் முகக்கவசம் இல்லாவிட்டால் அனுமதியில்லை என்ற பலகையில் அந்த வரி வரவில்லை, பழைய கதைதான். தடுப்பூசி விஷயத்தில் சிங்கப்பூர் பரவாயில்லை. 2021 அக்டோபரில் தடுப்பூசி போடாதவர்களுக்கு வணிக வளாகங்களில் அனுமதியில்லை என்றபோது, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு விலக்கு என்று விதியோடு சேர்த்தே அறிவித்தார்கள். போட்டுக்கொள்ளத் தடுப்பூசியே இல்லாத வயதுக்காரரிடம் சான்றிதழ் கேட்க முடியாதே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கடைகள் என்ன செய்யலாம் என்று நான் குறித்துக்கொண்டு வந்தது நிறைய, அதில் இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, முதியவர்களுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கினார்கள் இல்லையா, ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கடைத்தொடர் 2020 மார்ச்சிலேயே காலை ஏழிலிருந்து எட்டு வரை அப்படிச் செய்தது. அதேபோல் பிள்ளையோடு வருகிறவர்களுக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம், அது விடியற்காலையாக இருக்க வேண்டாம், பிள்ளை தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வரும் நேரமாக இருக்கட்டும். இரண்டாவது, பலகை. அதில் விதிவிலக்கை முதல் வரியில் எழுதுங்கள், தடையை இரண்டாம் வரியில் போடுங்கள், வாசலில் நிற்கும் தம்பிக்கு அந்த அம்மாவைத் தானே முடிவெடுத்து உள்ளே விடும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மூன்றாவதாக வண்டிகளைத் தள்ளி வரும் வழியைப் பற்றி ஒன்று இருந்தது, அதற்கு இப்போது நேரமில்லை. வணக்கம்.