மரபணுச் சோதனையும் மாமன் மகள் கல்யாணமும்: டெல்டாக் குடும்பங்கள் பூர்வீகம் தேடும்போது

[திரையில்: வெற்றுத் தாள். அதில் ஒரு கை குடும்ப மரம் வரையத் தொடங்குகிறது.]

வணக்கம். மரபணுச் சோதனை செய்தால் முப்பாட்டன் பெயரும் ஊரும் தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தெரியாது. எச்சிலை எவ்வளவு அலசினாலும் அதிலிருந்து ஒரு பெயர் கூட வராது. வருவது ஒரு கணக்குதான். இதே சோதனையைச் செய்த இன்னொருவருக்கும் உங்களுக்கும் எவ்வளவு மரபணு பொதுவாக இருக்கிறது என்ற கணக்கு. அதை உறவாக மாற்றுவது நம் வேலை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த வேலை கொஞ்சம் சிக்கலானது.

முதலில் அடிப்படை. சோதனை நிறுவனம் ஒரு சின்னக் குழாய் அனுப்பும். அதில் எச்சில் துப்பி அனுப்ப வேண்டும். சில நிறுவனங்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்க்கச் சொல்லும். எச்சில் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பாட்டி வெற்றிலை போடுகிறவர் என்றால் வாய் கொப்பளித்துவிட்டு அந்த அரை மணி நேரம் அவரைச் சும்மா உட்கார வைப்பதுதான் இந்தச் சோதனையிலேயே கஷ்டமான கட்டம்.

நம் மரபணுவில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. எல்லாவற்றையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறக்கூடிய சுமார் ஆறு, ஏழு லட்சம் இடங்களை மட்டும் பார்க்கிறார்கள். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருகிறது. அதனால் தாத்தா, பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாகக் கால் பங்கு, அதற்கு முந்தைய தலைமுறையில் ஒவ்வொருவரிடமிருந்தும் அரைக்கால் பங்கு. போகப் போகக் குறைந்து, சில முன்னோரின் பங்கு முழுவதுமாகவே நம்மிடம் இல்லாமல் போய்விடும்.

[திரையில்: இரண்டு பேரின் குரோமோசோம்கள், பொதுத் துண்டுகள் மஞ்சளில்.]

பொதுவான துண்டுகளின் நீளத்தை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 முதல் 3,500. உடன்பிறந்தவர்களுக்கு 2,600 வாக்கில். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு 850 சுற்றி. கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் ஒன்று என்றால் 230 வாக்கில். அதற்கு அடுத்த படி 70 தான்.

இனிதான் டெல்டா விஷயம். இந்தக் கணக்கு, கணவனும் மனைவியும் முன்பின் உறவில்லாதவர்கள் என்ற நினைப்பில் போட்டது. நம் வீடுகளில்? மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள். இரண்டு மூன்று தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் எத்தனை!

ஒரு உதாரணம். உங்கள் அப்பா தன் அக்கா மகளையே கல்யாணம் செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அக்கா உங்களுக்கு அத்தையும் ஆகிறார், அம்மாவைப் பெற்ற பாட்டியும் ஆகிறார். நீங்களும் அவரும் சோதனை செய்தால் இரண்டு வழியிலும் துண்டுகள் பொருந்தும். எண் 2,600 பக்கம் வந்து நிற்கும். கம்ப்யூட்டருக்கு அத்தைப் பாட்டி என்று ஒருவர் இருக்கலாம் என்பதே தெரியாது. அது உங்கள் பாட்டியை உடன்பிறந்தவர் அளவுக்கு நெருக்கமானவராகக் காட்டும். குழம்ப வேண்டாம், வீட்டில் சண்டையும் வேண்டாம்.

மாமன் மகளைக் கட்டிய இடத்தில் வேறு மாதிரி நடக்கும். பொதுவாக ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்று எட்டுப் பேர் இருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்றால் அந்த எட்டு ஆறாகிவிடும். மரத்தின் கிளைகள் மேலே போகப் போக விரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதனால் தூரத்து உறவு எல்லாமே நெருங்கிய உறவு போலத் தெரியும். ஏழு தலைமுறைக்கு முன்னால் பிரிந்த குடும்பத்தை "உங்கள் செகண்ட் கசின்", அதாவது ஒரே கொள்ளுத்தாத்தா வழி உறவு என்று தளம் அடித்துச் சொல்லும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 230, அதில் ஒரு துண்டு மட்டுமே 50, 60 என்றால் அது பெரும்பாலும் சமீபத்து உறவு. அதே 230, எட்டும் பத்துமாகச் சிதறிக் கிடந்தால் பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் நடந்ததன் தடயம் அது. சோதனை முடிவுகளை ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் தளத்தில் உங்கள் மரபணுக் கோப்பை ஏற்றினால் உங்கள் பெற்றோர் இருவரும் உறவா என்று காட்டும் கருவியும் இருக்கிறது. மற்றவர்களோடு ஒப்பிடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே, குழாய் வாங்கும் முன் தாளை எடுங்கள். யார் யாரைக் கட்டினார்கள், எந்தப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நிறுவனத்தின் கணக்கில் இல்லாத தகவல் அதுதான்.

[திரையில்: பழைய முத்திரைத்தாள் பத்திரம். பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

எழுத்து ஆதாரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா பெயர், தாத்தா பெயர், அண்ணன் தம்பி அத்தனை பேரும் ஒரே இடத்தில் வரிசையாக இருப்பார்கள். இன்னொன்று குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரி நோட்டு. எந்தெந்த ஊரில் எந்தப் பங்காளி என்று அதில் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டிலும் ஒரு பெரிய ஓட்டை: பெண்கள் இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989 முதல்தான். அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரைத் தேடிப் பெரும்பாலும் பயனில்லை. எச்சில் குழாய்க்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. அத்தையின் வம்சமும் சித்தப்பாவின் வம்சமும் அதற்கு ஒன்றுதான்.

நிலமே இல்லாமல் பண்ணையில் உழைத்த குடும்பங்களுக்குப் பத்திரமே கிடையாது. ஆனால் அந்தக் குடும்பங்களிலிருந்து கப்பலேறியவர்கள் அதிகம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர் எல்லாம் பதிந்திருக்கிறது. நிலம் தராத எழுத்து ஆதாரத்தை அந்தப் பட்டியல் தருகிறது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் குடியேற்ற ஆவணங்கள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் கப்பல்கள் போகத் தொடங்கின. 1880-கள் வரை காரைக்கால், புதுச்சேரி வழியாக ஆள் போனது. அங்கே பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி பெயரை எழுதி வைத்திருப்பார்கள், வாய்விட்டுப் படித்தால்தான் நம்மூர்ப் பெயர் பிடிபடும்.

மலாயா வேறு கதை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு இப்படி ஆள்வாரியான விவரம் கிடைப்பது அரிது. 1938-ல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தும் வரை அது நடந்தது. அதனால் மலேசியத் தமிழர் பலருக்கு "தஞ்சாவூர் பக்கம்" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மரபணுச் சோதனை உண்மையாகவே உதவுவது இவர்களுக்குத்தான். ஆனால் அதற்கு இந்தப் பக்கத்திலும் யாராவது எச்சில் கொடுத்திருக்க வேண்டுமே! தளங்களில் இருக்கும் தமிழர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களே அதிகம். மன்னார்குடியிலோ பேராவூரணியிலோ இருக்கும் ஒரு தாத்தா சோதனை செய்தால் மலேசியாவில் பல பேருக்குக் கதவு திறக்கும்.

[திரையில்: இரண்டு கோடுகள். ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி.]

அப்புறம், இரண்டு தனி வழிகள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். நம் கணக்கில் அது பங்காளி வழி. "அந்த ஊர்க்காரங்களும் நாமளும் பங்காளி" என்று சொல்கிறார்களே, அதைச் சோதிக்க இரு பக்கத்திலும் ஒவ்வொரு ஆண் போதும். பெண்கள் தேட வேண்டுமென்றால் அப்பா, அண்ணன், சித்தப்பா மகன் யாரையாவது கொடுக்கச் சொல்லலாம். செல்லுக்குள் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக இருக்கும் மரபணு அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், மகள்கள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவார்கள். இதில் ஒரு வேடிக்கை: அக்கா மகளைக் கட்டிய வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே மைட்டோகாண்ட்ரியாதான். பிள்ளைகளின் அம்மா வழி, அப்பாவைப் பெற்ற பாட்டியிடமே போய்ச் சேரும்.

இதில் அப்பா வழிக்கு எச், எல், ஆர்1ஏ, ஜே2 என்று குழுப் பெயர் வரும். அதை ஜாதிச் சான்றிதழாகப் படிக்காதீர்கள். இந்தக் குழுக்கள் எல்லாச் சமூகத்திலும் கலந்தே கிடக்கின்றன. "நாங்க சோழர் வம்சம், சோதனை பண்ணி நிரூபிக்கலாமா?" என்ற கேள்வியும் கண்டிப்பாக வரும். ஒப்பிட ராஜராஜனின் மரபணு யாரிடமும் இல்லை. இருந்தாலும் ஆயிரம் வருஷம் என்றால் முப்பத்தைந்து தலைமுறைக்கு மேல். நேர் ஆண் வழி, நேர் பெண் வழி தவிர, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட முன்னோரின் துண்டு நம்மிடம் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். விளம்பரத்தில் முதலில் காட்டும், எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதம் என்ற வண்ண வரைபடம் இருக்கிறதே, பூர்வீகம் தேடுகிறவருக்கு அதுதான் ஆகக் குறைந்த பயன். நிறுவனம் தன் ஒப்பீட்டுத் தொகுப்பைப் புதுப்பித்தால் உங்கள் சதவீதமும் மாறிவிடும்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருவர் கொடுத்தால் உங்கள் தம்பி, தங்கை, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரையும் ஓரளவு காட்டிக்கொடுத்த மாதிரிதான். 2018-ல் கலிபோர்னியாவில் பழைய தொடர் கொலைகாரனை ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் இருந்த தூரத்து உறவினர் வழியாகத்தான் பிடித்தார்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. அதனால் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்பா அப்பா இல்லை, ஒருவர் தத்துப் பிள்ளை என்ற மாதிரி முடிவும் வரலாம். அதைத் தாங்க முடியாது என்று யாராவது சொன்னால் அவரை வற்புறுத்த வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? முதலில், அப்பா அம்மா இரு வழியையும் பார்க்கும் பொதுச் சோதனை, ஆட்டோசோமல் என்று போட்டிருக்கும். பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு வேண்டாம், வீட்டிலேயே மூத்தவருக்குச் செய்யுங்கள். அவர் ஒரு தலைமுறை முன்னால் இருப்பதால் உறவுத் துண்டுகள் அவரிடம் இரண்டு மடங்கு. பங்காளிச் சந்தேகம் இருந்தால் மட்டும் ஒய் சோதனை. பொருந்தியவர் என்று யாராவது வந்தால், முதல் செய்தியில் ஜாதியைக் கேட்காதீர்கள். குலதெய்வம் எது, கப்பலேறின வருஷம் தெரியுமா, வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர் எது என்று கேளுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் பழக்கம் அந்தப் பக்கமும் விட்டுப்போயிருக்காது.